முதல் சுவிட்ச்

முகுந்தன் கடைசியில் கணினியையே திட்ட ஆரம்பித்துவிட்டான். அதுவும் இன்னும் பிறக்காத கணினியை. அதன் பாகங்களெல்லாம் ஆளுக்கொரு கடையின் அலமாரியில் நிம்மதியாகக் கிடக்க, இவன் மட்டும் மூன்று வாரமாகச் சோறு தண்ணீர் சரியாக இறங்காமல் அவற்றுக்குள் சமாதானம் பேசிக்கொண்டிருந்தான்.

பொருத்தம் பார்த்துச் சொல்லும் இணையதளங்கள் மூன்று இருந்தன. மூன்றுக்கும் ஒரே பட்டியலைத்தான் கொடுத்தான். முதலாவது, மதர்போர்டும் மெமரியும் சேராது என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. ஏன் சேராது என்று கேட்டால் சந்தா கட்டு என்றது. இரண்டாவதில் அந்த இரண்டும் ஒட்டி உறவாடின, ஆனால் பவர் சப்ளை முறைத்துக்கொண்டது. மூன்றாவது எல்லாவற்றுக்கும் பச்சை விளக்கு காட்டி வாழ்த்துச் சொல்லிவிட்டு, அடியில் பொடி எழுத்தில், 'தவறு நேர்ந்தால் நாங்கள் பொறுப்பல்ல' என்றது. அவனுக்கு மூன்றையும் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது.

இத்தனைக்கும் பொருத்தம் பார்ப்பதுதான் அவனுடைய பிழைப்பு. எண்ணூர்ப் பக்கம் துறைமுகத்தில், எந்தக் கன்டெய்னர் மேல் எந்தக் கன்டெய்னரை அடுக்கினால் கப்பல் சாயாது என்று திட்டம் போடுகிற வேலை. நாற்பத்து நான்கு வயதுக்கு ஒரு கப்பலையும் அவன் கவிழ்த்ததில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் விளையாடியதும் இல்லை, கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்த்ததும் இல்லை. பதினைந்து வயது மகளுக்காகத்தான் இந்த அவஸ்தை.

மகள் நேயா சிங்கப்பூரில் அம்மா ஷர்மிளாவோடு இருக்கிறாள். விவாகரத்தாகி ஐந்து வருஷம். வாரத்துக்கு ஒரு போன். அதிலும் 'சாப்டியா', 'ம்', 'பரீட்சை எப்படி', 'ம்'. போன மாதம் அவளாகவே ஒரு விஷயம் பேசினாள். 'ஏழாம் கரை' என்று ஒரு விளையாட்டு. அதில் ஒரு தீவில் ஒரு வருஷமாகக் கல் மேல் கல் வைத்து ஒரு கலங்கரை விளக்கம் கட்டியிருக்கிறாளாம். அவளுடைய பிறந்த நாளன்று அதைத் திறக்கப் போகிறாள். விளக்கை முதன்முதலில் ஏற்றுபவர் பெயர் அந்தக் கல்லில் பதிந்துவிடும், பிறகு அழிக்க முடியாது.

"நீங்க வந்து ஏத்துவீங்களாப்பா?" என்றாள்.

முகுந்தன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தே விட்டான். "இதென்னடா கேள்வி? இன்னிக்கே போய் நல்ல மெஷினா ஒண்ணு வாங்கிடறேன்."

"ரெடிமேடு வேணாம். நீங்களே பார்ட் பார்ட்டா பாத்து, நீங்களே கட்டுங்க. உங்க மெஷின்ல, உங்க பேர்ல வாங்க."

"ஏன்டா கண்ணா இவ்ளோ கஷ்டம்?"

"நீங்களா ஒண்ணு செஞ்சு நான் பார்த்ததே இல்லப்பா."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த மூன்று வார அலைச்சல்.

தளங்களோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போய், ஒரு சனிக்கிழமை கணினிச் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனான். தெரு முனையிலிருந்து நான்காவது சந்தில் இம்தியாஸ் பாயின் கடை. 'பொருத்தம் பார்க்கப்படும்' என்று வெளியே ஒரு பலகை. பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். எதிரே நிற்பவர் இன்னும் பத்து நிமிஷத்தில் ஏதாவது தப்பாகச் செய்துவிடுவார் என்கிற முகம்.

"எதுக்கு பாய் இவ்ளோ பாக்கணும்? வாங்கி மாட்டிப் பாப்போம். சேரலன்னா மாத்திக்கலாமே?" என்றான் முகுந்தன்.

பாய் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சார், இணைப்புச் சட்டம்னு ஒண்ணு வந்து ஒம்போது வருஷம் ஆச்சு. நீங்க எங்க இருந்தீங்க?"

"எனக்கு இதெல்லாம் தேவைப்படல."

"திருட்டுப் பார்ட்டை ஒழிக்கணும்னு கொண்டாந்தாங்க. ஒவ்வொரு பார்ட்டுக்குள்ளயும் ஒரு சிப்பு. முதல் தடவை கரன்ட்டு ஏறுன உடனே எல்லாம் ஒண்ணை ஒண்ணு அடையாளம் பாத்துக்கும், உள்ள எழுதிக்கும். அதோட சரி. அப்புறம் எதைக் கழட்டுனாலும் அது வேற எங்கயும் வேலை செய்யாது. இந்தத் தெருவுல நாங்க தாலி கட்டுறதுன்னு சொல்லுவோம்."

"தப்பா கட்டிட்டா?"

பாய் மூலையைக் காட்டினார். ஒரு நீல நிற டிரம். அதில் மெமரி, கார்டு, மதர்போர்டு என்று பளபளவென்று நிரம்பி வழிந்தன. ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை.

"எல்லாம் தனிக்கட்டை. நல்லாதான் இருக்கு, ஆனா யாருக்கும் ஆகாது. போன வாரம் ஒரு பொண்ணு வந்துச்சு, அனிமேஷன் படிக்குதாம். அவசரத்துல மெமரிய இடம் மாத்தி மாட்டிட்டு சுவிட்சப் போட்ருச்சு. மெஷின் பாதி மெமரியத்தான் ஏத்துக்கிச்சு. மீதி பாதி இந்த டிரம்ல. அவங்கப்பா ஆட்டோவ வித்து வாங்கிக் குடுத்ததாம். அந்தப் பொண்ணு அந்த ஸ்டூல்லயே உக்காந்து ஒரு மணி நேரம் அழுதுச்சு. நான் என்ன செய்ய? டீ வாங்கிக் குடுத்தேன்."

முகுந்தன் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் நகர்ந்துகொண்டான். அவனுடைய சேமிப்பும் ஒரு தடவைக்குத்தான் தாங்கும்.

"வெறும் பெட்டிக்கு மட்டும் சிப்பு கிடையாது, தகரம்தானே" என்றார் பாய். "அது யார்கூட வேணா குடித்தனம் பண்ணும். இன்னொண்ணு சார், எல்லாத்தையும் விட முக்கியம். சுவிட்ச். முதல் தடவை அதை எந்த விரல் அமுக்குதோ அந்த விரலுக்குத்தான் மெஷின் சொந்தம். ரேகைய வெச்சே ஆள் யாருன்னு கண்டுபிடிச்சிரும். பேரு, குரல், கேம்ல வர்ற உருவம் எல்லாம் அந்த ஆளோடதுதான். அதனால நீங்களே போடுங்க."

"நான்தானே போடப் போறேன். வேற யாரு போடப் போறா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று பாய் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

ஒருவழியாகப் பாயும் அவனும் உட்கார்ந்து ஒரு பட்டியல் தேற்றினார்கள். கறுப்பு நிறத்தில் நீளமான பெட்டி, அதற்குள் தாராளமாகப் போகிற கிராபிக்ஸ் கார்டு, அதற்குத் தீனி போடுகிற பவர் சப்ளை. எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தன. முகுந்தன் வீட்டுக்கு வந்து, நிம்மதியாக ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு, கீழ்வீட்டுக்குப் போய் அக்காவிடம் படத்தைக் காட்டினான். அங்கேதான் காரியம் கெட்டது.

அக்கா சுகந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முகுந்தனைவிட எட்டு வயது மூத்தவள். அதே அடுக்குமாடியில் கீழ்த் தளத்தில் இருக்கிறாள். புருஷன் கத்தாரில் வேலை பார்க்கிறார். அவளுக்குக் கைராசி என்பது வில்லிவாக்கம் முழுக்கத் தெரிந்த விஷயம். முகுந்தனின் முதல் வேலை விண்ணப்பத்தைத் தபாலில் போட்டது அவள் கை. ஸ்கூட்டரை முதலில் ஓட்டியது அவள். இந்த வீட்டில் பால் காய்ச்சியது அவள். நேயாவுக்கு முதல் பருக்கை ஊட்டியதும் அவள்தான். கட்டிய பெண்டாட்டி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். நேயாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, "இன்னிக்கு ஒரு நாளாவது நாம ரெண்டு பேர் மட்டும் போவோங்க" என்று ஷர்மிளா கெஞ்சினாள். அன்றைக்கும் அக்கா முன்சீட்டில் இருந்தாள். அக்காவுக்கு இதையெல்லாம் விட்டுக்கொடுக்க மனசு வராது, சொன்னால் உடைந்துபோவாள் என்பது முகுந்தனின் கணிப்பு. ஷர்மிளா போன பிறகும் அந்தக் கணிப்பை அவன் மாற்றிக்கொள்ளவில்லை.

அக்கா படத்தை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "கறுப்பா?" என்றாள்.

அவ்வளவுதான். மறுநாள் முகுந்தன் கறுப்பை ரத்து செய்துவிட்டு வேறொரு கடையில் வெள்ளைப் பெட்டி வாங்கினான். அங்கே வெள்ளையில் இருந்தது ஒரே அளவுதான்.

பெட்டி வந்தது. கார்டும் வந்தது. கார்டு பெட்டிக்குள் போகவில்லை. இரண்டு விரல்கடை நீளம் கூட. முகுந்தன் சாய்த்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் பார்த்தான். கப்பல் கப்பலாக அடுக்கியவன், ஒரு சின்னக் கார்டோடு தரையில் உட்கார்ந்து மாரடித்துக்கொண்டிருந்தான்.

"நான் கறுப்புதானே சொன்னேன்?" என்று பாய் போனில் கத்தினார். "வெள்ளை யாரு வாங்கச் சொன்னது?"

"வீட்ல கொஞ்சம்... நிறம் ஒத்துக்கலன்னு..."

"யாருக்கு ஒத்துக்கல? கார்டுக்கா?"

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், அக்கா கேட்டால் என்ன சொல்வது என்று யோசனை. அதனால் கார்டை மாற்றினார்கள். சின்னக் கார்டு வந்தது. அதற்கு மின்சாரம் போகிற கம்பியின் முனை வேறு மாதிரி, ஆகையால் பவர் சப்ளையை மாற்ற வேண்டியதாயிற்று. புதிய பவர் சப்ளை கொஞ்சம் குண்டு; மின்விசிறி இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. மின்விசிறிக்குப் பதிலாக உயரமான கூலர் ஒன்றைப் பாயே பார்த்து எடுத்துக் கொடுத்தார். அது மெமரியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"பாய், இது நீங்க குடுத்தது" என்றான் முகுந்தன் போனில்.

"தப்புதான் சார். உயரத்தைப் பாத்தேன், அகலத்தைப் பாக்கல" என்றார் பாய். "எடுத்துட்டு வாங்க, மாத்தித் தரேன். சுவிட்ச் போடலல்ல?"

"போடல."

"அல்ஹம்துலில்லாஹ்."

நேயாவின் பிறந்த நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாயந்திரம் ஐந்து மணிக்கு அவள் தீவில் காத்திருப்பாள். முகுந்தன் காலையிலேயே கூடத்தில் பழைய போர்வையை விரித்து உட்கார்ந்தான். மதர்போர்டைப் பெட்டிக்குள் இறக்கினான். புராசஸரை அதன் மூலைக் குறி பார்த்து வைத்தான். அழுத்தாமலே அது தன் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. மெமரியைப் பாய் சொன்ன இரண்டாவது, நான்காவது இடங்களில் சொருகினான். டக் என்று சத்தம் கேட்டபோது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டும்போது விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் சந்தோஷமாக இருந்தான். யாரையும் எதுவும் கேட்காமல் மதியத்துக்குள் முடித்துவிட்டான்.

மூடியைத் திருகி நிமிர்ந்தான். இனிச் சுவிட்சைப் போட வேண்டியதுதான். விரலை அதன் பக்கத்தில் கொண்டுபோனான். கொண்டுபோன விரலை எடுத்துவிட்டு, போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான்.

அக்கா தட்டில் கற்பூரம், ஒரு சிட்டிகை குங்குமம் சகிதம் மேலே வந்தாள். வந்ததும் நாள்காட்டியைப் பார்த்தாள். "நாலரைக்கு ராகு காலம் வந்துரும். மூணே காலுக்கு நல்ல நேரம். ஆரம்பிச்சிரு."

முகுந்தன் பெட்டிக்குப் பொட்டு வைத்தான். அக்கா கற்பூரம் காட்டினாள்.

"போடுக்கா" என்றான்.

"நானா? பாப்பாவுக்காக நீ கட்டினது. நீயே போடேன்டா."

"சும்மா போடுக்கா. உன் கை பட்டாத்தான் எனக்குத் திருப்தி."

"இல்லடா, இது என்னமோ மெஷின் விவகாரம்..."

பேசிக்கொண்டே அவன் அக்காவின் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலைச் சுவிட்சின் மேல் வைத்துவிட்டான். பாய் சொன்னது காதில் இல்லாமல் இல்லை. ஆனால் உலகத்தில் எந்த விதிக்கும் பின்வாசல் ஒன்று இருக்கும், அப்புறம் உள்ளே போய்ப் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. சுவிட்ச் அழுந்தியது. உள்ளே விசிறி சுழன்றது, நீல விளக்கு எரிந்தது, திரையில் எழுத்து வந்தது.

'சுவிட்சை அழுத்தியவர்தான் உரிமையாளரா? ஆம் / இல்லை.'

பக்கத்தில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கியது. இல்லை என்று அழுத்தினால் எதுவும் பதியாமல் அணைந்துவிடும் என்று அடியில் இருந்தது. பிறகு அவனே மறுபடி போடலாம். விஷயம் அவ்வளவு சுலபம். ஆனால் அக்கா கையில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நல்ல நேரத்தில் ஒரு காரியம் ஆரம்பிக்கும்போது முதல் வார்த்தையே 'இல்லை' என்பதா? அதுவும் அக்காவின் விரலைப் பார்த்தா? எண் மூன்றுக்கு வந்தபோது முகுந்தன் 'ஆம்' என்று அழுத்தினான்.

திரை மலர்ந்தது. 'வணக்கம், சுகந்தி.'

அந்தப் பெயரை மாற்ற அவன் ஒரு மணி நேரம் படாத பாடு பட்டான். பின்வாசல் எதுவும் இல்லை. எந்தப் பக்கம் நுழைந்தாலும் திரை, 'உரிமையாளரின் விரலை வைக்கவும்' என்றது. அக்கா விரலை வைத்தால், 'வணக்கம், சுகந்தி' என்றது. பாய்க்குப் போன் செய்தான்.

"யாரு சார் சுகந்தி?"

"அக்கா."

"சுவிட்ச் போட்ட பிறகு அது கேட்டிருக்குமே. பத்து செகண்டு டைம் குடுக்கும். ஆமான்னு யாரு போட்டது?"

முகுந்தன் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"சரி விடுங்க" என்றார் பாய். அவர் கத்தாமல் பேசியதுதான் முகுந்தனுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. "தாலி கட்டிருச்சு சார். அவங்க உசுரோட இருக்கிற வரைக்கும் அது அவங்க மெஷின்தான். என்னால மட்டும் இல்ல, கம்பெனிக்காரனாலயும் மாத்த முடியாது."

ஐந்து மணி ஆகப்போகிறது. நேயாவுக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. 'அத்தை சுவிட்ச் போட்டதுல மெஷின் அவங்க பேருக்குப் போயிடுச்சு' என்று செய்தி அனுப்பினான், போய்ச் சேரவில்லை. அவள் போனை அணைத்துவிட்டுத் தலையில் கருவியை மாட்டிக்கொண்டு தீவுக்குள் போயிருப்பாள். கலங்கரை விளக்கத்தின் வாசலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"புள்ள காத்துட்டு இருக்கும்டா" என்றாள் அக்கா. "நான் விரலை வெக்கிறேன், நீ போய்ப் பேசு."

வேறு வழி தெரியவில்லை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து விரலை வைத்தாள். முகுந்தன் பின்னால் நின்று மவுசைப் பிடித்துக்கொண்டான். 'ஏழாம் கரை' திறந்தது. திரை முழுக்கச் சாம்பல் நிறக் கடல். ஒரு படகு தானாகவே கரையை நோக்கிப் போனது. அதில் நின்ற உருவத்தின் தலைக்கு மேல் வெள்ளை எழுத்தில் 'சுகந்தி' என்று மிதந்தது. கரையில், அவன் நினைத்ததைவிட எத்தனையோ மடங்கு உயரமாகக் கலங்கரை விளக்கம். ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு நிறம். உச்சியில் விளக்கு இருட்டாக இருந்தது. வாசலில் சின்ன உருவமாக நேயா.

படகு ஒதுங்குவதற்கு முன்பே அவள் ஓடி வந்தாள். பாதி வழியில் நின்றாள். பெயரைப் படித்துவிட்டாள்.

"நேயா! கண்ணா, நான்தான்! அப்பா!" என்று கத்தினான் முகுந்தன்.

திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது. 'உரிமையாளர் அல்லாத குரல் நீக்கப்பட்டது.'

"நேயா, அப்பாடா! இங்க இருக்கேன்டா!"

'உரிமையாளர் அல்லாத குரல் நீக்கப்பட்டது.'

மேஜையை ஓங்கிக் குத்தினான். குத்திய சத்தத்தையும் அது நீக்கியிருக்கும். நேயா நின்ற இடத்திலிருந்து, "யாரு?" என்றாள்.

அக்கா முகுந்தனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்து மெல்ல, "நான் அத்தைடா" என்றாள்.

"அத்தையா?" நேயாவின் குரல் ரொம்பத் தூரத்திலிருந்து வந்தது. "அப்பா எங்க?"

"இங்கதான்டா கண்ணு இருக்கான். என் பக்கத்துலதான் நிக்கிறான்."

கடல் சத்தம் மட்டும் கேட்டது. அலையின் சத்தத்தைக்கூட அவள் எங்கேயோ தேடிச் சேர்த்திருக்க வேண்டும். அசல் மெரினாவின் சத்தம்போல இருந்தது.

"அது தெரியும் அத்தை" என்றாள் நேயா. "அப்பா எப்பவும் உங்க பக்கத்துலதானே நிப்பாரு."

அவள் கோபப்படவில்லை. அழவும் இல்லை. திரும்பி நடந்து வாசலுக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. விளக்கு ஏற்றப்படவில்லை.

அக்கா சட்டென்று விரலை எடுத்தாள். திரை அணைந்தது. கறுத்த கண்ணாடியில் உட்கார்ந்திருக்கும் அவளும் பின்னால் நிற்கும் அவனும் தெரிந்தார்கள்.

"எல்லாம் உன்னாலதான்க்கா" என்று முகுந்தன் வெடித்தான். இருபது வருஷமாக உள்ளே இருந்தது அது. "எதுலயும் நீதான் முன்னாடி நிக்கணும். பால் காய்ச்சணும், பருக்கை ஊட்டணும், ஸ்கூலுக்கு வரணும். கறுப்புப் பெட்டி வாங்கக்கூட உன்கிட்ட அனுமதி கேக்கணும்!"

அக்கா எழுந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"கறுப்பு வேணாம்னு நான் எப்படா சொன்னேன்?" என்றாள். "கறுப்பான்னு கேட்டேன். அதுக்கப்புறம் நீதான் வெள்ளையத் தூக்கிட்டு வந்து நின்ன. எனக்குப் பிடிச்சிருக்கான்னு கேட்ட. நல்லா இருக்குன்னேன்."

முகுந்தன் வாயைத் திறந்தான்.

"இருடா, பேசி முடிச்சிடறேன். இந்த வீட்ல பால் காய்ச்சின அன்னிக்கு, வீட்டுக்காரி அவ, அவ காய்ச்சட்டும்னு சொன்னேன். நீதான் என் கையில தீப்பெட்டியக் குடுத்த. ஸ்கூலுக்கு நான் எதுக்குடான்னு கேட்டேன். வாசல்ல வண்டிய நிறுத்திட்டு ஹாரன் அடிச்சிட்டே நின்ன. இப்பக்கூட நீயே போடுன்னேன். என் விரலைப் பிடிச்சு வெச்சது யாரு?" அவள் அந்த விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "உனக்கு எது தப்பாப் போனாலும் சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். தம்பியாச்சேன்னு நானும் இருந்துட்டேன். என் தப்பு அதுதான்."

அக்கா 'கறுப்பா' என்று கேட்ட தொனி அவனுக்கு ஞாபகம் வந்தது. சாதாரணமாகத்தான் கேட்டாள். மதர்போர்டு, மெமரி, கார்டு, பவர் சப்ளை என்று எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவன், சுவிட்சைப் போடப் போகிறவனை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பிறகு முகுந்தன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்வையில் உட்கார்ந்து ஸ்குரூடிரைவரை எடுத்தான். மூடியின் முதல் திருகைக் கழற்றினான்.

"என்னடா பண்ற?" என்றாள் அக்கா. "கழட்டினா எல்லாம் வீணாப் போயிடும்னியே."

"ஆமா."

"அப்புறம் எதுக்குக் கழட்டற? நான் தினம் வந்து விரலை வெக்கிறேன்டா. எனக்கென்ன வேலை கீழ?"

"பெட்டி மட்டும் வேணும்க்கா. அதுக்குச் சிப்பு இல்ல. காசு சேந்ததும் மறுபடி நானே கட்டறதுக்கு."

அக்காவுக்குச் சிப்பு விஷயம் புரியவில்லை. போர்வையின் ஓரத்தில் வந்து நின்றாள். ஜன்னல் பக்கம் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பெட்டிக்குள் கம்பிகள் எது எங்கே போகிறது என்று சரியாகத் தெரியவில்லை. அவள் வழக்கம்போலப் போனின் டார்ச்சைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"வெளிச்சம் காட்டட்டுமா?"

"வேணாம்க்கா" என்றான் முகுந்தன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் உடைந்துபோகவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தாள். கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கீழே போனாள்.

அவன் மெமரியைக் கழற்றி வைத்தான். கார்டைக் கழற்றி வைத்தான். ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை; எல்லாம் அந்த நீல டிரம்முக்குப் போக வேண்டியவை. கடைசித் திருகு கை நழுவிப் போர்வையின் மடிப்புக்குள் உருண்டது. அதைத் தேடிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. நேயாவின் செய்தி. சிங்கப்பூரில் அவள் போனைத் திறந்து, இவன் ஐந்து மணிக்கு அனுப்பியதைப் படித்திருக்கிறாள்.

'அத்தை ஏன் சுவிட்ச் போட்டாங்க?' என்று கேட்டிருந்தாள்.

அவன் விரல் தன்னால் எழுத ஆரம்பித்தது. 'நல்ல நேரம் தாண்டிடும்னு அத்தைதான்' என்று எழுதி, நிறுத்தினான். அதை அழித்தான். வேறு எழுத வெகு நேரம் ஆயிற்று.

'அத்தை வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் அவங்க விரலைப் பிடிச்சு வெச்சேன்.'

அனுப்பிவிட்டுப் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தான். திருகு இன்னும் கிடைக்கவில்லை. எழுந்து போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்து, மறுபடி தேட ஆரம்பித்தான்.